பணம் வரும் வரைக்கும் மேடம்

கம்பெனி ஆரம்பிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. முன் அறையில் கிடக்கிற சோபாவை உள்ளே தள்ள வேண்டும். ஒரு நீள மேசை, சில நாற்காலிகள், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்பு விட்டால் கம்பெனி ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வருமானம் அதற்கப்புறம் வருவது. வராமலும் இருக்கும், அதற்காக அம்பை யாரும் அழிப்பதில்லை.

அந்த அம்புகளை விட்டவரை அவருடைய மாமியார் ‘தலைவர்’ என்று கூப்பிடுவார். மரியாதைக்கு இல்லை. நல்ல சம்பளத்து வேலையை விட்டுவிட்டு வந்து, "இனிமே நான் ஒரு கம்பெனிக்குத் தலைவர்" என்று மாப்பிள்ளை அறிவித்த அன்றைக்கு, "தலைவர் சாப்பிட்டாச்சா?" என்று அந்தம்மா கேட்டார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வீடு மாமியாருடையது. உள்ளே தள்ளப்பட்ட சோபாவும் அவருடையது. அதனால் என்ன பெயர் வைக்கவும் அவருக்கு உரிமை இருந்தது.

கம்பெனி செய்த வேலை இதுதான். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள வருகிறவன் முதல் தடவை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். பாதி வேலையிலேயே வலி நின்றுவிடும். மீதிக்கு அடுத்த வாரம் வாங்க என்றால் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டுப் போவான். அவ்வளவுதான், ஆள் வரமாட்டான். டாக்டருக்குப் பாதிக் காசு போச்சு, அவனுக்கு முழுப் பல்லும் போச்சு. இப்படிப்பட்ட ஓடுகாலிகளைப் போனில் துரத்தி, கெஞ்சி, கொஞ்சம் பயமுறுத்தி, திரும்பக் கொண்டுவந்து உட்காரவைக்கும் ஆப் ஒன்றை அவர்கள் செய்திருந்தார்கள். யோசனை தலைவரின் மனைவியுடையது. எழுதியது அவள். பழுதானால் பார்ப்பதும் அவள். தலைவர் பேசுவார்.

சும்மா சொல்லக்கூடாது, பேச்சில் ஆள் கெட்டி. பல் டாக்டர்களைச் சந்திக்க நோயாளியாகப் போவதுதான் சுலபமான வழி என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்கிப் பல்லைச் சுத்தம் செய்துகொண்டார். வாயில் குழாயை மாட்டியிருக்கும்போதே வியாபாரம் பேசப் பழகினார். அந்த வட்டாரத்தில் அவ்வளவு வெள்ளைப் பல் வேறு ஒருத்தருக்கும் கிடையாது. அதைக் காட்டிச் சிரிக்கத்தான் ஒரு காரணம் அகப்படவில்லை.

குடும்பத்தையும் தொழிலையும் தராசுத் தட்டு மாதிரிச் சமமாகப் பிடிப்பது எப்படி என்று அவர் இணையத்தில் அடிக்கடி எழுதுவார். நிறையப் பேர் படித்துக் கைதட்டினார்கள். அதை அவர் எழுதுகிற நேரத்தில் மனைவி ஒரு கையால் அடுப்பில் கிண்டிக்கொண்டு, மறு கையால் லேப்டாப்பில் தட்டிக்கொண்டு, ரெண்டாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கு வாயால் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பாள். தராசு அவள் கையில் இருந்தது. அவர் முள்ளை மட்டும் பார்த்துக் கருத்துச் சொன்னார்.

பணம் போடுகிறவர்களிடம் போகும்போதும் இதே கதைதான். "டெக்னிக்கல் பக்கம் என் மனைவி கொஞ்சம் ஒத்தாசை பண்றாங்க" என்பார். ஒத்தாசை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு இடத்தில்தான் வினை பிறந்தது. கண்ணாடி அறை, குளிர் எலும்பைத் தொடுகிறது. எதிரே இருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடினார்.

"ஐடியா நல்லா இருக்கு சார். குடும்பமும் நல்லா இருக்கு. அதுதான் பிரச்சனை."

"புரியல சார்."

"புருஷன் பொண்டாட்டி நடத்துற கம்பெனில நாங்க பணம் போடறதில்ல. காலைல யார் முதல்ல குளிக்கப் போறதுன்னு உங்களுக்குள்ள சண்டை வந்தா, சாயங்காலம் எங்க பணம் தெருவுல நிக்கும்."

திரும்பி வரும்போது சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. தலைவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"இனிமே நாம புருஷன் பொண்டாட்டி இல்ல."

பின்னால் இருந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "என்னது?"

"அடுத்து பாக்கப் போற ஆளுகிட்ட சொல்றேன். பழைய ஆபீஸ்ல ஒண்ணா வேலை பாத்தோம். அது நிஜம்தானே? அதோட நிறுத்திக்குவோம்."

"நடுவுல ஒரு கல்யாணம் நடந்துச்சே, அதை என்ன பண்றது?"

"அதை ஏன் நாமளா சொல்லணும்? பேப்பர்ல எல்லாம் உன் பேருக்கு முன்னாடி உங்கப்பா பேரோட முதலெழுத்துதானே இருக்கு. நான் சார், நீ மேடம். முடிஞ்சுது."

"எங்கம்மா வீட்டுல உக்காந்துகிட்டா?"

"வீட்டுக்காரம்மான்னு சொல்லுவோம். அதுவும் நிஜம்தானே?"

"எவ்வளவு நாளைக்குங்க இந்தக் கூத்து?"

"பணம் வர்ற வரைக்கும்தான். இங்க பாரு, கம்பெனி விஷயத்துல புருஷன் பொண்டாட்டின்னெல்லாம் பாக்கக் கூடாது. கம்பெனிக்கு எது நல்லதோ அதைச் செய்யணும். மனசைக் கல்லாக்கிக்கணும்."

பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். தலைவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. சுவரில் இருந்த கல்யாணப் போட்டோ பீரோவுக்குள் போனது. மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"அப்ப வாடகை குடுங்க மாப்பிள்ளை."

"அத்தை, சும்மா சொல்றதுக்குத்தான் வீட்டுக்காரம்மா."

"வீட்டுக்காரின்னா வாடகை கேப்பா. கேக்கலேன்னா அந்த ஆளுக்குச் சந்தேகம் வருமில்ல? நான் நடிச்சா ஒழுங்கா நடிப்பேன்."

மகளிடம் தலைவரே குனிந்து உட்கார்ந்து விளக்கினார். வீட்டுக்கு ஒரு கோட்டுப் போட்ட மாமா வருவார், அவர் இருக்கும்போது அப்பாவை அங்கிள் என்று கூப்பிட வேண்டும், இது ஒரு விளையாட்டு.

"ஜெயிச்சா என்ன குடுப்பீங்க?"

"சைக்கிள்."

"சரி அங்கிள்," என்றது பிள்ளை.

ஊரில் எல்லாக் கதையிலும் குழந்தைதான் உளறிக் கெடுக்கும். தலைவரும் அதற்குத்தான் பயந்தார். இவள் உளறவே இல்லை. பெரியவர்கள் வாய் தவறினாலும் அவள் தவறவில்லை. கோட்டுக்காரர் இல்லாத நாளிலும் "அங்கிள், தண்ணி பாட்டிலை எடுங்க" என்று ஏவினாள். பயிற்சி விட்டுப்போகுமாம்.

கோட்டுக்காரர் என்றது புதிதாக வந்த முதலீட்டாளரை. வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் கோட்டைக் கழற்றாத மனுஷர். உடனே பணம் தருகிற ஆள் இல்லை. "ரெண்டு மாசம் வியாழக்கிழமை தோறும் வந்து உக்காருவேன். நீங்க வேலை பாக்கறதைப் பாப்பேன். அப்புறம்தான் பேச்சு" என்று சொல்லிவிட்டார். சொன்னபடி வந்தார். மூலை நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் வாயைத் திறந்து, மற்ற நேரமெல்லாம் கண்ணால் மேய்ந்தார்.

முதல் வியாழனே சிக்கல். தலைவர் பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஒரு காப்பி" என்று ஆரம்பித்துவிட்டார். மனைவி திரும்பிப் பார்த்தாள். கோட்டுக்காரரும் பார்த்தார். கூட வேலை செய்கிற பெண்மணியைப் போய்க் காப்பி போடச் சொல்கிறவன் எப்பேர்ப்பட்டவன் என்று அந்தப் பார்வை கேட்டது.

"ஒரு காப்பி... போடலாம்னு இருக்கேன். மேடம், உங்களுக்கு?"

"சர்க்கரை கம்மியா சார்," என்றாள் அவள்.

சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குடித்துவிட்டுக் கோட்டுக்காரர் அடுத்த வாரத்திலிருந்து கையோடு பிளாஸ்க் கொண்டுவந்தார்.

இன்னொரு வியாழன் அவர் பேச்சுவாக்கில் கேட்டார். "மேடம் வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

தலைவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சொந்தமா தொழில் பண்றேன்னு சொல்லிட்டுத் திரியறார் சார்."

"ஓ. வருமானம் உண்டா?"

"பேச்சு நிறைய வரும். வருமானம்தான் இன்னும் வரல."

"பாவம் மேடம் நீங்க. வீட்டு வேலையில ஒத்தாசை பண்ணுவாரா?"

"கருத்துச் சொல்லுவார் சார்."

கோட்டுக்காரர் ‘உச்’ கொட்டினார். அத்தோடு விட்டாரா? தலைவர் பக்கம் திரும்பி, "இந்த மாதிரி ஆளுங்களை என்ன சொல்றது, பாருங்க சார்" என்று அபிப்பிராயம் கேட்டார்.

"ரொம்பத் தப்பு சார்," என்றார் தலைவர். தன் வாயால் தன்னைத் திட்டுகிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

ஒருநாள் வீடியோ அழைப்பில் கோட்டுக்காரர் இருப்பது தெரியாமல், "ஏய், என் சார்ஜரை எங்க வச்சுத் தொலைச்ச?" என்று தலைவர் உள்ளேயிருந்து கத்திவிட்டார். "கரண்டு வேலைக்கு ஆள் வந்திருக்கு சார், கொஞ்சம் முரட்டு ஆசாமி" என்று மனைவி சமாளித்தாள். அன்றைக்குத் தலைவரே ஒரு சட்டம் போட்டார். வியாழன் மட்டுமில்லை, எல்லா நாளும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை சார், மேடம்தான். வீட்டுப் பேச்சே கூடாது.

தன் கையால் தனக்கே குழி வெட்டுவது என்பார்களே, அதற்கு மண்வெட்டி இப்படித்தான் கிடைக்கிறது.

மேடம் என்று கூப்பிட்டால், அதற்குப் பின்னால் வருகிற வாக்கியமும் மரியாதையாகத்தான் வர வேண்டும். "மேடம், அறிவிருக்கா உனக்கு" என்று சொல்ல நம் மொழியில் வழியில்லை. நாக்கு ஒத்துழைக்காது. "இன்னும் முடிக்கலையா நீ?" என்பது, "எப்ப முடியும்னு நினைக்கிறீங்க மேடம்?" என்று ஆயிற்று. அவள் பேசும்போது குறுக்கே விழுகிற பழக்கம் நின்றது. வேறு வழியில்லாமல் கேட்டார். கேட்டதில் ஒரு சங்கடம், அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது.

ஒரு யோசனையை அவள் முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடிப்போன நோயாளிக்கு இயந்திரக் குரலில் சேதி போனால் அவன் அழித்துவிட்டுப் போய்விடுவான். கிளினிக்கில் முன் மேசையில் இருக்கும் அந்தப் பெண்ணின் குரலிலேயே, அவன் பேரைச் சொல்லி, "என்ன சார், பல்லு எப்படி இருக்கு? டாக்டர் உங்களைத்தான் கேட்டுட்டே இருக்கார்" என்று பதிவு செய்து அனுப்பினால் முகத்துக்கு அஞ்சி வருவான். மனைவியாக அவள் இதைச் சொன்னபோதெல்லாம் தலைவர், "அதெல்லாம் சின்னத்தனமா இருக்கும், நாம பெருசா யோசிக்கணும்" என்று பலகையில் இன்னொரு வட்டம் போட்டார். மேடமாக, கோட்டுக்காரர் முன்னால் சொன்னபோது, "நல்ல பாயிண்ட் மேடம்" என்று சொல்லும்படி ஆயிற்று.

செய்து பார்த்தார்கள். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தார்கள், கன்னத்தைத் தடவிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. ஒரு கிளினிக் இன்னொரு கிளினிக்குக்குச் சொன்னது. பேச ஆள் போகாமலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். தலைவர் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டிய அவசியம் குறைந்தது.

ஆறு மணி ஆனதும் மேடம் லேப்டாப்பை மூடிவிடுவாள். முன்பெல்லாம் சமைத்துக்கொண்டே தட்டுவாள், தூங்கப் போகும்வரை தட்டுவாள். இப்போது ஆபீஸ் ஆறோடு முடிந்தது. சட்டம் போட்டவர் அவர்தானே. ஆறுக்கு மேல் கூடவேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் களைத்துப்போய் ஒரே சமையலறைக்குள் நுழைந்தார்கள். ஒருத்தி மட்டும் கரண்டியைப் பிடித்தால் அது அநியாயமாகத் தெரிந்தது. தலைவருக்கே தெரிந்தது என்றால் பாருங்கள். பாத்திரம் அவர் பங்குக்கு வந்தது.

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அது அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை. ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தாம்மா, இன்னிக்கு சாயங்காலம் நாம ரெண்டு பேரும் எங்கேயாவது வெளிய போயிட்டு வரலாமா?"

"சார், ஆபீஸ் நேரம்," என்றாள். கோபமாக இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"உன்னைப் பொண்டாட்டியா பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"பொண்டாட்டியா இருந்தப்ப எங்க பாத்தீங்க?"

மாமியார் உள்ளேயிருந்து இருமினார். அந்தம்மாவுக்குச் சளி இல்லை.

கெடு முடிகிற நேரத்தில் கோட்டுக்காரர் மேடத்தை மட்டும் தன் ஆபீசுக்கு வரச் சொன்னார். தலைவர் சட்டையை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். "உங்களைக் கூப்பிடல சார்," என்றாள். பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். வரும்போது மணி ஆறைத் தாண்டியிருந்தது. மகளும் மாமியாரும் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"பணம் குடுக்கறாராம்."

தலைவர் துள்ளியே விட்டார். "நான்தான் சொன்னேன்ல!"

"ஒரு நிபந்தனை. நான் தலைவரா இருக்கணுமாம். உங்களை மரியாதையா வெளிய அனுப்பிடச் சொல்றார்."

"எ... என்னை எதுக்கு?"

"‘அவர் பேசறதைத் தவிர வேற என்ன பண்றார்னு இத்தனை வாரம் பாத்தேன் மேடம், எனக்குத் தெரியல. கூட வேலை பாத்தவர்ங்கிற தாட்சண்யத்துக்காக எத்தனை நாள் சுமப்பீங்க?’ அப்படின்னு கேட்டார். வியாழக்கிழமை வந்து பதில் கேப்பாராம்."

தலைவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். யாரோ இரண்டு பேர் என்று சொல்லி வைத்தால், ஒருத்தரை வெட்டிவிடுங்கள் என்று எவனும் சொல்லலாம். புருஷன் பெண்டாட்டி என்று தெரிந்திருந்தால் பணம் இல்லை என்பான், அவ்வளவுதான். புருஷனைத் தூக்கிப் போடு என்று பெண்டாட்டியிடமே சொல்லியிருக்க மாட்டான். இதை யோசிக்காமல் வட்டம் போட்டாயிற்று.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

"யோசிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு? மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம். பணம் போயிடும். கிளினிக்கெல்லாம் வரிசையா வருது, என் ஒருத்தியால தாங்க முடியாது. ஆள் போடலேன்னா இருக்கறதும் கலைஞ்சிடும்." அவள் எதிரே உட்கார்ந்தாள். "நீங்களே சொல்லுங்க. கம்பெனிக்கு எது நல்லது? புருஷனா சொல்லாதீங்க. சாரா சொல்லுங்க."

ஊரெல்லாம் பேசின வாய். வாயில் குழாய் இருந்தபோதும் பேசின வாய். அன்றைக்கு அது, ‘பாத்திரம் கிடக்கு’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனது.

இடையில் இருந்த நாட்களில் அவர் தனக்குள் பல வழக்குகள் நடத்தினார். எல்லா வழக்கிலும் அவரே வக்கீல், அவரே நீதிபதி; அப்படியும் தோற்றார். நல்ல சம்பளத்தை விட்டவன் நான்தானே என்றார். அவளும்தான் விட்டாள், அதே ஆபீஸ், அதே சம்பளம். அலைந்தவன் நான்தானே என்றார். அலைந்தது உண்மைதான். கடைசியில் ஒரே ஒரு துருப்புச் சீட்டு மிச்சமிருந்தது. வியாழக்கிழமைக்கு அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வியாழன் வந்தது, கோட்டும் வந்தது. மூலை நாற்காலியில் உட்காராமல் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். மேடம் வாயைத் திறப்பதற்குள் தலைவர் எழுந்து நின்றார்.

"சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இவங்க என் மனைவி."

கோட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இப்படி ஒரு தப்பிக்கும் வழியை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. அவளிடம் திரும்பினார்.

"நிஜமா மேடம்?"

அவள் லேப்டாப்பை மூடி ஓரமாக நகர்த்தினாள். அந்த ஒரு கண இடைவெளியில் தலைவர் மனசு எங்கெங்கோ ஓடியது. இல்லை என்று சொல்லிவிட்டால்? சொன்னால் நம்புவதற்கு ஆள் தயாராக உட்கார்ந்திருக்கிறார். பேப்பரில் அவள் அப்பாவின் முதலெழுத்து, சுவரில் போட்டோ இல்லை, பெற்ற பிள்ளை அங்கிள் என்கிறது. தான் புருஷன் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு சாட்சியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

"நிஜம்தான் சார்," என்றாள். "அன்னிக்குத் தொழில் பண்றேன்னு திரியறதா சொன்னேனே, அவர்தான் இவர்."

தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்படி ஒரு அறிமுகத்துக்காக உலகத்தில் எந்தப் புருஷனும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

கோட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "இத்தனை வாரம் என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. இது யார் ஐடியா?"

இரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"வேற யாரு? இந்த மாதிரி ஐடியாவெல்லாம் அவரு. வேலையெல்லாம் இவ."

"அவங்க யாரு, வீட்டுக்காரம்மாதானே?"

"எங்கம்மா சார்," என்றாள். "வீடும் அவங்களுதுதான். அது பொய்யில்ல. சொல்லாம விட்டதுக்கு நானும்தான் பொறுப்பு. வேண்டாம்னு நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். பணம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க. கிளினிக் வேலை நடந்துட்டுதான் இருக்கும், மெதுவா."

கோட்டுக்காரர் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"புருஷன் பொண்டாட்டிக்குப் பணம் போடறதில்லங்கிறது எங்க ரூல்தான். ஏன்னா ரெண்டு பேரும் தலைவரா இருப்பாங்க, யார் பேச்சு எடுபடும்னு தெரியாது. இங்க அந்தக் குழப்பம் இல்ல. அந்தம்மா உள்ளயிருந்து சொன்னதுலயே எல்லாம் வந்துடுச்சு. மேடம்தான் தலைவர்னு சார் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா பணம் வரும், என் நிபந்தனையில ஒரு மாத்தமும் இல்ல."

"வெளிய அனுப்பணும்கிறதுல ஒரு மாத்தம் வேணும்," என்றாள் அவள். "அவர் இங்கதான் இருப்பார். கிளினிக் பிடிக்கற வேலைக்கு. சம்பளம் மத்தவங்களுக்கு என்னவோ அது. ஒழுங்கா செய்யலேன்னா நானே அனுப்பறேன்." கோட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார்.

துருப்புச் சீட்டு என்று நினைத்து இறக்கியது, ஆட்டத்திலேயே சேராத சீட்டு. தலைவர் கேட்டார், "நான் போடலேன்னா?"

"போட வேண்டாம்," என்றாள். "உங்க இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன். கம்பெனி இப்படியே முன் ரூம்லயே இருக்கட்டும்."

அவள் மிரட்டியிருந்தால் அவர் முறுக்கிக்கொண்டு எழுந்து போயிருப்பார். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. பேனாவைக் கேட்டு வாங்கினார். போட்டார். கையெழுத்து வழக்கம்போல வாலும் கொம்புமாகப் பெரிதாக விழுந்தது. ஒடுக்கிப் போட அவருக்குத் தெரியாது.

கோட்டுக்காரர் போன பிறகு இரண்டு பேரும் மேசையருகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆறு அடிக்க நேரமிருந்தது. அதைப் பார்க்காமல் அவர்தான் ஆரம்பித்தார்.

"எனக்காக அந்த ஆளுகிட்ட முடியவே முடியாதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு நினைச்சேன்."

"அன்னிக்குக் கண்ணாடி ரூம்ல அந்த ஆள், பொண்டாட்டியா இருந்தா காசில்லன்னு சொன்னப்ப, நீங்க அப்படிச் சொல்லுவீங்கன்னு நானும்தான் நினைச்சேன்," என்றாள். "சிக்னல் தாண்டற வரைக்கும்கூட தாங்கல நீங்க."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். மறுத்துப் பேச நல்ல நல்ல வாக்கியங்கள் வாய்வரைக்கும் வந்தன. ஒவ்வொன்றாக விழுங்கினார். அவர் வாழ்நாளில் சொல்லாமல் விட்ட முதல் பேச்சு அதுதான். அதைக் கேட்டது போல அவள் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்புதான்," என்றார்.

"ம்," என்றாள். மன்னித்தேன் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டேன் என்கிற அளவுக்கு ஒரு ‘ம்’.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் குளித்து, தலைசீவி, முன் அறை வாசலில் வந்து நின்றார். மேசையின் தலைப்பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். எந்த நாற்காலி தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மேடம், நான் எங்க உக்காரட்டும்?"

"எங்க வேணும்னாலும் உக்காருங்க. பாலத்துக்குப் பக்கத்துல ஒரு புது கிளினிக் திறந்திருக்காங்க. அந்த டாக்டருக்குப் போன் போடுங்க. ரொம்ப நேரம் பேசாதீங்க. அவர் என்ன சொல்றார்னு கேளுங்க."

போட்டார். கேட்டார். அந்த டாக்டரின் கஷ்டமெல்லாம் நோயாளி ஓடிப்போவதில் இல்லை, ஒரே நேரத்தில் எல்லாரும் வந்து குவிவதில் இருந்தது. இத்தனை கிளினிக் ஏறி இறங்கினவருக்கு இது இன்றைக்குத்தான் தெரிந்தது. போனின் வாயைப் பொத்திக்கொண்டு அதை அப்படியே மேடத்திடம் சொன்னார்.

"இதைச் செய்யலாம். ரெண்டு வாரத்துல முடியும்னு சொல்லுங்க," என்றாள். சொன்னார். டாக்டர் சரி என்றார்.

ஒரு கிளினிக் சேர்ந்துவிட்டது. தலைவர் போனை வைத்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று நிமிர்ந்து பார்த்தார். மேடம் அடுத்த நம்பரைச் சொன்னாள்.